மகுடத்தில் இருந்து முதல் பீட்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

பாளையங்கோட்டையில் என் அறையில் முதல் பீட்டை முடித்தபோது இரவு இரண்டு மணி. அடியில் டும் டும் என்று ஹவுஸ் கிக் (ஹவுஸ் நடன இசையின் கனத்த டிரம் அடி), மேலே ஒரு கோயில் கொடையில் பதிவு செய்த மகுட மேளம். பெருமை தாங்கவில்லை. அடுத்த கொடைக்கு வந்திருந்த அண்ணாவியின் காதில் ஹெட்போனை மாட்டினேன். அரை நிமிடம் கேட்டுவிட்டுக் கழற்றினார். “தம்பி, ஒம்ம பெட்டி நொண்டுதே” என்றார்.

அவர் சொன்னது சரிதான். மகுடம் மூன்று மூன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை நாலு நாலாக வெட்டி ஒட்டியிருந்தேன். பிளக்இன், கன்ட்ரோலர் எல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதலில் இந்த எண்ணிக்கை பிடிபட வேண்டும்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மகுடம் என்பது கணியான் கூத்தில் வாசிக்கும் தோல் கருவி. நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துக் கொடைகளில் கேட்கலாம். இரண்டு பேர் வாசிப்பார்கள். ஒன்று உச்சம், கூர்மையான சத்தம். இன்னொன்று மந்தம், கனமான சத்தம். கதை சொல்லிப் பாடுகிறவர்தான் அண்ணாவி. உங்கள் ஊரில் மகுடம் இல்லையென்றால் உறுமியோ பம்பையோ கிடைக்கும், வேலை ஒன்றுதான்.

படி 1: என்ன வேண்டும்?

ஒரு சாதாரண லேப்டாப், வயர் உள்ள ஹெட்போன், உங்கள் போன். ப்ளூடூத் ஹெட்போன் வேண்டாம், சத்தம் பிந்தி வரும். வெட்டுவதற்கு ஆடாசிட்டி, அடுக்குவதற்கு எல்எம்எம்எஸ், மிக்ஸ் பண்ண மிக்ஸ். (ஆமாம், அந்த மென்பொருளின் பெயரே மிக்ஸ்தான், Mixxx என்று தேடுங்கள்.) மூன்றுமே இலவசம். எஃப்எல் ஸ்டூடியோவின் டிரையலிலும் பழகலாம், ஆனால் அதில் சேமித்த புராஜெக்டைக் காசு கட்டாமல் மறுபடி திறக்க முடியாது. இதை ஒரு வாரம் உழைத்த பிறகு தெரிந்துகொண்டால் வலிக்கும்.

படி 2: காலால் எண்ணுங்கள்

மென்பொருளைத் திறக்காதீர்கள். பதிவைப் போட்டுவிட்டுக் கால் தானாக எங்கே தட்டுகிறது என்று பாருங்கள். 15 விநாடிக்கு எத்தனை தட்டு என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். 25 தட்டு என்றால் நிமிடத்துக்கு 100.

இப்போது ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் என்ன சொன்னால் பொருந்துகிறது என்று வாயால் சொல்லிப் பாருங்கள். ‘தகதிமி’ பொருந்தினால் நாலு. ‘தகிட’ பொருந்தினால் மூன்று. நம் பக்கத்துக் கொடையில் கேட்கிற அடிகளில் பல ‘தகிட’தான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பீட் செய்யும் மென்பொருள்கள் பெரும்பாலும் 16 கட்டத்தோடு திறக்கும். 1980இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 இயந்திரத்தின் முகப்பிலேயே 16 பொத்தான்கள் வரிசையாக இருந்தன. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. பதினாறை மூன்றால் வகுத்தால் மீதி ஒன்று நிற்கும். அந்த மீதிதான் என் பெட்டியின் நொண்டல்.

படி 3: பதிவு

முதலில் அண்ணாவியிடமும் மகுடக்காரர்களிடமும் கேளுங்கள். எதற்கு என்று சொல்லுங்கள், பணமும் கொடுங்கள். அது அவர்கள் பிழைப்பு. நடுச்சாமத்துச் சடங்குகளின்போது போனை நீட்ட வேண்டாம்.

கூத்து தொடங்கும் முன் தோலைத் தீயில் காய்ச்சுவார்கள். சூட்டில் தோல் இறுகிச் சுருதி ஏறும், நேரம் போகப் போக இறங்கும். அதனால் காய்ச்சிய சூட்டோடு எல்லா அடிகளையும் ஒரே மூச்சில் எடுத்துவிடுங்கள். பாதியை இப்போதும் பாதியை ஒரு மணி நேரம் கழித்தும் எடுத்தால், லூப்பில் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டில்) இரண்டு வேறு மகுடங்கள் மாதிரிக் கேட்கும்.

மந்தத்தில் தனி அடி பத்து, உச்சத்தில் தனி அடி பத்து, அப்புறம் சேர்ந்து வாசிப்பது இரண்டு நிமிடம். போனை மேளத்தின் வாய்க்குள் திணிக்காதீர்கள், சத்தம் உடைந்துவிடும். உடைந்த சத்தத்தை எந்த மென்பொருளாலும் முழுதாக ஒட்ட முடியாது. பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நில்லுங்கள். ஜெனரேட்டர் பக்கம் முதுகைக் காட்டி, முடிந்தவரை தூரமாக. குழாய் ஸ்பீக்கர் ஓடாத நேரமாகப் பாருங்கள். பதிவுச் செயலியில் வேவ் என்று இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

படி 4: வெட்டு

ஆடாசிட்டியில் ஒவ்வொரு அடியையும் அலை மேலே எழும்புகிற அந்த இடத்திலேயே வெட்டி, தனித்தனி வேவ் கோப்பாகச் சேமியுங்கள். முன்னால் கொஞ்சம் வெற்றிடம் விட்டாலும் அடி பிந்தும். மந்தத்தில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹை-பாஸ் ஃபில்டர் போட்டு எடுத்துவிடுங்கள். ஜெனரேட்டர் உறுமல் குறையும், கிக் உட்காரவும் இடம் கிடைக்கும்.

படி 5: கட்டம்

எல்எம்எம்எஸ்ஸில் டைம் சிக்னேச்சரை (ஒரு சுற்றுக்கு எத்தனை எண்ணிக்கை என்பதை) 6/8 என்று மாற்றுங்கள், அதாவது ஒரு சுற்றுக்கு இரண்டு ‘தகிட’. அடுத்து வேகம். நான் இடறிய இரண்டாவது இடம் இது. உங்கள் கால் 100 தட்டியது. ஆனால் மென்பொருள் எண்ணுவது உங்கள் காலை அல்ல, கால் நோட்டை (குவார்ட்டர் நோட், நாலு கணக்கில் ஒரு தட்டு). 6/8இல் உங்கள் ஒரு தட்டு ஒன்றரைக் கால் நோட்டு. ஆகவே 100ஐ ஒன்றரையால் பெருக்கி 150 என்று போடுங்கள். சரியா என்று பார்க்க வேண்டுமானால், ஒரு பார், அதாவது அந்த ஒரு சுற்று, 1.2 விநாடி ஓட வேண்டும்.

பியானோ ரோலில் (அடிகளை வைக்கும் கட்டத் திரையில்) ஒரு பாருக்கு 12 சின்னக் கட்டம். ‘தகிட தகிட’ என்று சொல்லிக்கொண்டே வையுங்கள்:

மந்தம்: 1, 7
உச்சம்: 3, 5, 9, 11
கிக்: 1, 7

எல்லா அடியும் ஒரே பலத்தில் இருந்தால் தையல் மிஷின் மாதிரி இருக்கும். நான் ‘த’வை முழுசாகவும், ‘கி’யை 60 சதவீதத்திலும், ‘ட’வை 75லும் வைப்பேன். ஒரே சாம்பிளை (வெட்டி வைத்த அடியை) திரும்பத் திரும்பப் போடாமல் பத்தில் மூன்று நான்கை மாற்றி மாற்றிப் போடுங்கள். நாலு பார் ஆனதும், நாலாவது பாரில் 11ஆம் கட்டத்து உச்சத்தை எடுத்துவிட்டுக் கேளுங்கள். அந்தச் சின்ன ஓட்டையில்தான் ஆள் ஆடத் தொடங்குகிறான்.

பேஸ், சிந்த் எல்லாம் உங்கள் விருப்பம். மாஸ்டர் மீட்டரில் உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் ஏற்றுமதி செய்யுங்கள்.

படி 6: மிக்ஸ், அப்புறம் குழாய்

இதை 100 வேகத்து நாலு கணக்குப் பாட்டோடு கலக்கலாம், தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று விழும். ஆனால் மிக்ஸ் மென்பொருள் உங்கள் டிராக்கை 150 என்று படிக்க வாய்ப்பு உண்டு. பயப்பட வேண்டாம். டிராக்கின் மேல் வலது கிளிக் செய்தால் பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) பகுதியில் 2/3 என்று ஒரு தேர்வு இருக்கும். அதை அழுத்தினால் 100 ஆகிவிடும். அதற்குப் பிறகு இரண்டு பாட்டின் வேகத்தைத் தானாகச் சேர்க்கும் சிங்க் பொத்தானை ஒரு மாதம் தொடாமல் காதால் சேர்த்துப் பழகுங்கள்.

கடைசியாக, ஊரில் போடப் போகிறீர்கள் என்றால் மைக் செட்டுக்காரரிடம் பாக்ஸா குழாயா என்று முன்பே கேளுங்கள். குழாயில் கிக்கின் அடிச்சத்தம் வராது, நீங்கள் உயிரைக் கொடுத்து வைத்த பேஸும் வராது. அதற்கு நான் கிக் விழும் இடத்திலெல்லாம் மெல்லிய ஓர் உச்ச அடியைக் கூடவே வைத்து இன்னொரு பதிப்பு எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டையும் ஒரே பென்டிரைவில், பெயரில் ‘பாக்ஸ்’, ‘குழாய்’ என்று எழுதி. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு, உங்கள் முறை எப்போது வரும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.