சிஸ்டத்துக்குக் கோடு போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேர்ந்த இருவர் போன வாரம், எது சிஸ்டத்துக்குள், எது வெளியே என்று கோடு போட்டு ஒரு படம் வரைந்து வந்தார்கள். நடுவில் ஒரு பெட்டி. உள்ளே கண்ட்ரோலர், ரிலே, சென்சார். பெட்டிக்கு வெளியே வெறும் வெள்ளைத் தாள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வரைந்த அதே படம்! பெயர் தப்பு, பதிப்பு எண் விட்டுப்போனது எல்லாம் இருக்கட்டும், அதை யாராவது பிடித்துவிடுவார்கள். கோடு போடுவதில் வரும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

நாம் செய்து கொடுப்பது மட்டுமே சிஸ்டம் என்று நினைப்பது

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குத் தானியங்கி மோட்டார் பேனல் செய்தோம். மேல்தொட்டியில் தண்ணீர் இறங்கினால் மோட்டார் ஓடும், நிறைந்தால் நிற்கும். பேனலையும் மேல்தொட்டியையும் சுற்றிக் கோடு போட்டேன். கீழே இருந்த சம்ப், அதாவது நிலத்தடித் தொட்டி, கட்டடக்காரர் பொறுப்பு என்று படத்திலேயே சேர்க்கவில்லை.

கோடையில் ஒருநாள் தண்ணீர் லாரி வரவில்லை. ராத்திரி சம்ப் வற்றியது. மேல்தொட்டியும் காலி என்பதால் என் பேனல் எழுதி வைத்தபடியே மோட்டாரை ஓடவிட்டது. அது தண்ணீருக்குள் மூழ்கி நின்று, அந்தத் தண்ணீராலேயே சூடு தணியும் மோட்டார். விடிவதற்குள் அதன் கம்பிச் சுருள் கருகிவிட்டது. சுருளை மறுபடி சுற்றும் ரீவைண்டிங் செலவு எங்கள் தலையில்.

"பேனல் சரியாகத்தானே வேலை செய்தது" என்று நான் வேறு வாதாடினேன். அதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக வருகிறது. அப்போது வாட்ச்மேன் சொன்னார்: "முன்னாடியெல்லாம் நான் சம்ப் மூடியைத் திறந்து பார்த்துட்டுத்தான் சார் சுவிட்ச் போடுவேன்." அவரும் சிஸ்டத்தில் ஓர் உறுப்பு. அவரை எடுத்துவிட்டு, அவர் பார்த்த வேலையை யாரிடமும் கொடுக்காமல் விட்டிருக்கிறேன்.

அதற்காக ஊரையே கோட்டுக்குள் இழுக்க வேண்டாம். வெளியே இருப்பதை வெளியிலேயே வரையுங்கள். ஆனால் அங்கிருந்து என்ன வருகிறது, வராவிட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு அம்புக்குறிக்கும் எழுதுங்கள்.

உறுப்புகளின் பட்டியலையே வரையறையாகக் கொடுப்பது

அது கடைக்குக் கொடுக்கும் சீட்டு.

நோக்கத்தை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்பது

எழுத மாட்டீர்கள்.

பழைய வரையறையை அப்படியே தூக்கி வைப்பது

ஐரோப்பாவின் ஏரியான் 4 ராக்கெட்டில் ஒழுங்காக ஓடிய வழிகாட்டி மென்பொருளின் ஒரு பகுதியை ஏரியான் 5-க்கும் வைத்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். அதைச் சார்ந்த ஒரு 64 பிட் எண், மென்பொருளில் அதற்கு ஒதுக்கியிருந்த 16 பிட் இடத்துக்குள் அடங்கவில்லை. 1996 ஜூன் 4 அன்று, கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் ராக்கெட் சிதறியது. அந்த எண் வந்த கணக்கே தரையில் நிற்கும்போது மட்டும் தேவைப்பட்டது. பழைய ராக்கெட்டின் வழக்கப்படி, கிளம்பிய பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.