அரோவானாவின் கண்ணை நிமிர்த்தப் போகிறீர்களா?

மன்னார்குடியில் என் மச்சான் வீட்டு ஹாலில் நாலடித் தொட்டி, உள்ளே ஒரு சில்வர் அரோவானா மீன். அதன் ஒரு கண் மட்டும் எப்போதும் தரையைப் பார்த்தபடி சரிந்திருக்கும். போன மாதம் போன் செய்தார். "மாப்ளே, சிங்கப்பூர்ல இதுக்கு ஆபரேஷன் பண்ணி நிமித்திடறாங்களாம். கிராம்பு எண்ணெயில மயக்கிட்டு நாமளே பண்ணிடலாமா?"

வீடியோ பார்த்துக் கத்தி எடுப்பதுதான் முதல் தவறு. கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் மீனை மயக்கும், சரி. அளவு கூடினால் செவுள் அசைவு நின்றுவிடும். பிழைக்காது என்று தெரிந்த மீனை வலியில்லாமல் முடித்துவிடவும் மீன் வளர்ப்பவர்கள் இதே எண்ணெயைத்தான் ஊற்றுகிறார்கள்.

சிங்கப்பூரில் நடப்பது உண்மைதான். விலை உயர்ந்த ஆசிய அரோவானாவை மயக்கி, கண்ணுக்குப் பின்னால் உள்ள திசுவைத் தளர்த்தி, விழியை மேலே தள்ளுகிறார்கள். கண் நேராக இருந்தால் மீனுக்கு மதிப்பு கூடும். ஆனால் மச்சான் வீட்டு மீன் அந்தச் சரிந்த கண்ணோடுதான் தின்கிறது, நீந்துகிறது. உறுத்தல் எல்லாம் பார்க்கிற நமக்குத்தான்.

"மீனுக்கு ஏது வலி?" என்பது அடுத்தது. 2003-ல் பிரிட்டனில் ரெயின்போ டிரவுட் மீன்களின் உதட்டில் அமிலமும் தேனீ விஷமும் ஏற்றிப் பார்த்தார்கள். அமிலம் ஏற்றிய மீன்கள் உதட்டைத் தொட்டிக் கற்களில் தேய்த்தன. அமிலம் ஏற்றியவையும் சரி, விஷம் ஏற்றியவையும் சரி, நெடுநேரம் தீனி பக்கமே போகவில்லை. விரால் குழம்பு சாப்பிடுகிறவன் இதைப் பேசலாமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் விராலை உரசுகிறவர் அதை அழகுபடுத்துவதாகச் சொல்லிக்கொள்வதில்லை.

இதைவிடப் பெரிய தவறு, 'நான் மீனைக் கத்தியால் தொட்டதே இல்லை' என்று நிம்மதியாக இருப்பது. கடையில் இதய வடிவத்தில் ஒரு பேரட் மீன் இருந்தால், பெரும்பாலும் குஞ்சாக இருக்கும்போதே அதன் வாலை வெட்டியிருப்பார்கள். நம் ஊர்த் தண்ணீரிலும் திரியும் கண்ணாடி மீனுக்கு முள் தெரிகிற உடம்புதான் அழகு. அதற்குள் ஊசியால் ரோஸ், பச்சைச் சாயம் ஏற்றி விற்கிறார்கள். சில மாதங்களில் சாயம் மங்கிவிடும். வெட்டியது யாரோ, காசு கொடுத்தது நாம்.

சட்டமும் இருக்கிறது. 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் விலங்கு என்றால் மனிதர் தவிர்த்த எந்த உயிரும்தான், மீன் உட்பட.

அதற்காக மீனுக்கு ஆபரேஷனே கூடாது என்றில்லை. 2014-ல் மெல்போர்னில் ஒரு தங்கமீனின் தலையிலிருந்த கட்டியை அகற்றினார்கள், பிழைத்தது. கட்டி, ஆறாத புண் என்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்திலோ விசாரியுங்கள்.

மச்சானிடம் கண்ணை விட்டுவிட்டுத் தொட்டியைப் பார்க்கச் சொன்னேன். சில்வர் அரோவானா மூன்றடி வரை வளரும். நாலடித் தொட்டியில் அது எங்கே திரும்பும்? காட்டில் நீர்மட்டத்துக்கு மேலே பூச்சி தேடும் மீன் அது. மூழ்கும் தீனியை நிறுத்தி மிதக்கும் தீனி போடச் சொன்னேன். கண் நிமிரும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. இப்போது எட்டடித் தொட்டிக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார். அக்காதான் ஹாலில் இடம் எங்கே என்று கேட்கிறாள்.