தட்டிக்கழிப்பதையும் பழக்கத்தை விடுவதையும் ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

‘தள்ளிப்போடு’ என்பதைத் தள்ளு, போடு என்று பிரித்தால் ஒத்திவைப்பது என்ற பொருள் போய்விடும். வினையோடு ‘ஆஃப்’, ‘அவுட்’ போன்ற சிறு சொல் சேர்ந்து தனிப்பொருள் தரும் ஆங்கில ஃப்ரேசல் வெர்புகளும் அப்படித்தான். ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடுவது. ஒரே சொல்லாகவே மனதில் வையுங்கள்.

படி 1: நடந்தது என்ன என்று தமிழில் முடிவு செய்யுங்கள்.

நாள் மட்டும் தள்ளிப்போனால் ‘புட் ஆஃப்’. அடியோடு ரத்தானால் ‘கால் ஆஃப்’. தலையில் விழுந்த வேலையிலிருந்து நழுவினால் ‘கெட் அவுட் ஆஃப்’: “ஹி காட் அவுட் ஆஃப் வாஷிங் த டிஷஸ்”, பாத்திரம் கழுவாமல் கழன்றுகொண்டான். சரி என்று சொல்லிவிட்டுப் பின்வாங்கினால் ‘பேக் அவுட் ஆஃப்’: “ஷி பேக்ட் அவுட் ஆஃப் த டீல்”. கடைசி இரண்டும்தான் அதிகம் குழப்பும். வாக்குக் கொடுத்தாயிற்றா என்று கேட்டுப் பாருங்கள். கொடுத்திருந்தால் ‘பேக் அவுட்’. பள்ளிக்கு மட்டம் போடுவதை பிரிட்டனில் ‘ஸ்கைவ் ஆஃப்’ என்பார்கள்.

படி 2: பழக்கம் குறைந்ததா, நின்றதா?

காபிக்கு 3 ஸ்பூன் சர்க்கரை 1 ஸ்பூனானால் ‘கட் டவுன் ஆன்’. சர்க்கரையே கிடையாது என்றால் ‘கட் அவுட்’. புகைப்பது போன்ற பழக்கத்தை விட்டால் ‘கிவ் அப்’. ‘விட்டுட்டேன்’ என்று நினைத்து “ஐ லெஃப்ட் ஸ்மோக்கிங்” என்று சொல்வது நம்மிடம் மிகப் பரவலான தவறு. “ஐ கேவ் அப் ஸ்மோக்கிங்” என்பதே சரி. விரல் சூப்புவது போல வயது ஏற ஏறத் தானாகப் போவது ‘க்ரோ அவுட் ஆஃப்’.

படி 3: அடுத்து வரும் வினையில் ‘இங்’ சேருங்கள்.

“கிவ் அப் டு ஸ்மோக்” தவறு. தமிழிலும் ‘புகைக்க விட்டேன்’ என்று சொல்ல மாட்டோம், ‘புகைப்பதை விட்டேன்’ என்போம். அந்தப் ‘பது’ இருக்கும் இடத்தில்தான் ‘இங்’.

படி 4: ‘இட்’ எங்கே உட்காரும்?

‘புட் ஆஃப்’, ‘கால் ஆஃப்’, ‘கட் அவுட்’, ‘கிவ் அப்’ ஆகிய இரண்டு சொல் வினைகளில் நடுவில்: “கிவ் இட் அப்”, “புட் இட் ஆஃப்”. “கிவ் அப் இட்” என்றால் காதில் உறுத்தும். மூன்று சொல் வினையில் கடைசியில்: “கட் டவுன் ஆன் இட்”, “கெட் அவுட் ஆஃப் இட்”.

‘புட் ஆஃப்’ நடுவில் ஆள் வந்தால் மட்டும் கவனம். “த ஸ்மெல் புட் மீ ஆஃப்” என்றால் அந்த நாற்றத்திலேயே எனக்கு வெறுத்துப்போயிற்று என்று பொருள்.