பைதனைக் கல்குலேட்டராகப் பாவிப்பது: நெல் கணக்கோடு ஒரு செய்முறை

வேளாண்மை வெட்டி முடிந்து நெல் யாபாரி வளவுக்கு வந்து நின்றால், எங்கட மட்டக்களப்புப் படுவான்கரைப் பக்கம் போன் கல்குலேட்டர்தான் வெளியே வரும். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "சாக்குக்கு ரெண்டு கிலோ கழிப்பம்" என்று அவர் ஒரு சொல் சொன்னால் போதும், முதலிலிருந்து தட்ட வேண்டும். பைதன் என்ற கணினி மொழியில் அந்த அலுப்பு இல்லை. புரோகிராமிங் தெரியவும் தேவையில்லை.

பைதன் 3-ஐ அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி நிறுவிக்கொள்ளுங்கள். உபுண்டுவில் ஏற்கனவே இருக்கும். விண்டோஸ்காரர்கள் கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்பு ஜன்னலுக்குப் போகாமல், பைதனோடு கூடவே வரும் ஐடில் (IDLE) என்ற செயலியைத் திறவுங்கள். கறுப்பு ஜன்னலில் தமிழ் எழுத்துகள் கொம்பு வேறு கால் வேறாகப் பிரிந்து நிற்கும், ஐடில் பரவாயில்லை.

>>> என்ற குறிக்குப் பக்கத்தில் தட்டி என்டர் கொடுங்கள். பெருக்க *, வகுக்க /. எண்களுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், பெயருக்குள் இடைவெளி மட்டும் கூடாது:

>>> மூட்டை = 64
>>> நிறை = 63.5
>>> விலை = 120
>>> மூட்டை * நிறை * விலை
487680.0

பெயர் வைக்கும் வரிகளுக்குப் பதில் வராது, அது அப்படித்தான். இப்போது யாபாரியின் ரெண்டு கிலோ:

>>> மூட்டை * (நிறை - 2) * விலை
472320.0
>>> 487680 - _
15360.0

அந்த அடிக்கோடு என்பது கடைசியாக வந்த விடை. ரெண்டு கிலோ கழிவு என்றால் பதினையாயிரத்துச் சொச்சம் ரூபா என்பது பேரம் முடிய முன்னமே கையில் இருக்கும். விலையை மாற்றிப் பார்க்க `விலை = 118` என்று கொடுத்து, கர்சரைப் பழைய வரிக்குக் கொண்டுபோய் என்டர் தட்டுங்கள். ஐடில் அந்த வரியைக் கீழே பிரதி எடுத்துத் தரும். இன்னொருக்கா என்டர் தட்டினால் புது விடை.

இனி, புதிதாக வருபவர்கள் எல்லாரும் சறுக்கும் இடம். காணிக் கணக்கு ஒன்று: ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி, 160 பேர்ச். அப்படியே எழுதிப் பாருங்கள்:

>>> 43,560 / 160
(43, 3.5)

பைதனுக்குக் காற்புள்ளி என்றால் இரண்டு தனித்தனி எண்கள். 43-ஐ ஒரு பக்கம் வைத்துவிட்டு 560-ஐ மட்டும் 160-ஆல் வகுத்திருக்கிறது. பிழை என்று ஒரு சிவப்பு எழுத்துக்கூட வராது, அதுதான் ஆபத்து. 12,050 என்று எழுதினால் மட்டும் கத்தும், பூச்சியத்தில் தொடங்கும் 050 அதற்குப் பிடிக்காது. விடையில் அடைப்புக்குறியைக் கண்டால் உடனே காற்புள்ளியைத் தேடுங்கள். ஆயிரம் பிரித்துக் காட்டியே ஆகவேண்டும் என்றால் அடிக்கோடு போடலாம்:

>>> 43_560 / 160
272.25

ஒரு பேர்ச்சுக்கு இத்தனை சதுர அடி.

வீதக் குறியும் (%) இப்படித்தான், இங்கே அது வகுத்த பின் வரும் மீதியைத் தரும். இரட்டைச் சாய்கோடு (//) முழு எண்ணிக்கையை மட்டும் தரும். 500 தேங்காயைச் சாக்குக்கு 60 வீதம் கட்டினால் `500 // 60` எட்டுச் சாக்கு, `500 % 60` மிச்சம் 20 காய். 5400 ரூபாய்க்கு 18 வீத வற் வரி சேர்க்க `5400 * 118 / 100` என்று எழுதுங்கள், 6372.0 வரும்.

0.1 + 0.2 கொடுத்தால் 0.30000000000000004 என்று வருவதைப் பார்த்துக் கணினி பழுது என்று நினைக்க வேண்டாம். தசமங்களை இரும எண்களாக வைப்பதால் வரும் நுனிப் பிசகு அது. சதக் கணக்குத் துல்லியமாக வேண்டுமானால் எல்லாவற்றையும் சதமாகவே எழுதிக் கூட்டுங்கள்.

ஜன்னலை மூடினால் வைத்த பெயர்கள் போய்விடும். மூட முன் ஃபைல் மெனுவில் சேவ் கொடுத்தால் முழுப் பக்கமும் கோப்பாகக் கிடைக்கும்.

பின்சேர்க்கை: வாட்ஸ்அப்பில் வந்த கணக்கை ஒட்டினால் பிழை காட்டுகிறது என்று அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அதில் × அடையாளமும் நீட்டுக் கோடும் இருந்தன. இரண்டையும் அழித்துவிட்டு விசைப்பலகையில் உள்ள * மற்றும் - குறிகளைத் தட்டினால் சரிவரும்.