படகு எஞ்சின் மேனிபோல்டை கார் எஞ்சினில் பொருத்துவது எப்படி?

எக்ஸாஸ்ட் மேனிபோல்டு என்பது சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்த்து சைலன்சர் பைப்புக்கு அனுப்பும் பாகம். படகு எஞ்சினில் அது இரட்டைச் சுவர் கொண்டது. உள்ளே புகை போகும், அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும். அதனால் பானெட்டுக்குள் சூடு வெகுவாகக் குறையும். இடம் நெருக்கமான கஸ்டம் காருக்கு இது பெரிய உதவி. ஆனால் படகுக்குக் கடலே ரேடியேட்டர். காரில் அந்தச் சூடு முழுவதும் உங்கள் கூலன்டில்தான் சேரும். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) உள்ள காருக்கு இது வேண்டாம். குளிர்ந்த புகையில் கன்வெர்ட்டர் சூடேறி வேலை செய்யத் தாமதமாகும்.

1. தேர்வும் சோதனையும்

சிலிண்டர் ஹெட்டின் போர்ட்டும் (புகை வெளியேறும் துளை) போல்ட் துளையும் பொருந்த வேண்டும். எஞ்சின் குடும்பம் ஒன்றாக இருந்தாலும் கேஸ்கெட்டை (கசியாமல் இடையில் வைக்கும் தகடு) இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் ஓடிய பழைய வார்ப்பிரும்பு மேனிபோல்டை வாங்காதீர்கள். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்சுவர் துருவால் காகிதம் போல மெலிந்திருக்கும்.

எதை வாங்கினாலும் தண்ணீர் வழிகளை அடைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி, ரேடியேட்டர் சோதனைப் பம்பால் 1.2 பார் அழுத்தம் கொடுத்து அரைமணி நேரம் வையுங்கள். முள் இறங்கினால் டார்ச் அடித்துப் புகை வழிக்குள் பாருங்கள். அங்கே ஒரு துளி ஈரம் தெரிந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். அந்தத் துளி எஞ்சின் நின்றிருக்கும்போது திறந்திருக்கும் வால்வு வழியாக சிலிண்டருக்குள் இறங்கும். தண்ணீரை அமுக்க முடியாது. அடுத்த ஸ்டார்ட்டில் கனெக்டிங் ராடு வளையும்.

2. தண்ணீர் கலக்கும் வழியை அடைத்தல்

படகில் மேனிபோல்டுக்கு மேல் ஒரு எல்போ இருக்கும். அதில்தான் தண்ணீர் புகையோடு கலந்து வெளியேறும். காருக்கு அது ஆகாது, கழற்றிவிடுங்கள். அந்த இடத்துக்கு 10 மி.மீ. இரும்புத் தகட்டில் ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) வெட்டுங்கள். நடுவில் புகைத் துளை மட்டும் இருக்கட்டும், தண்ணீர்த் துளைகளை மூடிவிடுங்கள். மேனிபோல்டில் வேறு வெளிவழி இல்லையென்றால், அவற்றில் மிக உயரமான துளையை மட்டும் மூடாமல், அதன் மேல் ஒரு நிப்பிளை (ஹோஸ் மாட்டும் குழாய் முனை) வெல்டு செய்யுங்கள். சைலன்சர் பைப் இந்த ஃபிளாஞ்சிலிருந்துதான் தொடங்கும். அங்கிருந்து குளிர்ச்சி கிடையாது, ஹோஸையும் வயரையும் தள்ளி வையுங்கள்.

3. ஹெட்டில் பொருத்துதல்

மேனிபோல்டின் முகத்தில் நேர்விளிம்பை வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். 0.15 மி.மீ. நுழைந்தால் லேத் பட்டறையில் முகத்தைச் சமன் செய்யுங்கள். நடு போல்ட்டில் தொடங்கி வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில் முறுக்குங்கள். 3/8 அங்குல போல்ட்டுக்கு 27–34 நியூட்டன் மீட்டர் வழக்கம், எஞ்சின் மேனுவல் வேறு சொன்னால் அதுதான் கணக்கு. வார்ப்பிரும்பு மேனிபோல்டு கனமானது. பைப்புக்குத் தனி ஹேங்கர் கொடுக்காவிட்டால் ஸ்டட் முறியும்.

4. கூலன்ட் இணைப்பு

பலர் சறுக்குவது இங்கேதான். மேனிபோல்டைத் தெர்மோஸ்டாட்டுக்கும் (எஞ்சின் சூடானதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) ரேடியேட்டருக்கும் நடுவில் இணைத்தால், எஞ்சின் குளிராக இருக்கும்போது தெர்மோஸ்டாட் மூடியிருக்கும், கூலன்ட் ஓடாது. சுவரைத் தொட்டு நிற்கும் தண்ணீர் சில நிமிடத்தில் கொதித்து ஆவியாகும். பிறகு தெர்மோஸ்டாட் திறந்து கூலன்ட் பாயும்போது வார்ப்பு விரிசல் விடும். ஆகவே தெர்மோஸ்டாட் மூடியிருந்தாலும் ஓடும் சுற்றில் இணையுங்கள்: ஹீட்டருக்குப் போகும் வாயிலிருந்து எடுத்து, வாட்டர் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் திருப்பி விடுங்கள். இடையில் ஹீட்டர் வால்வு இருக்கக் கூடாது.

கீழே நுழைந்து மேலே வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் மேல் மூலையில் காற்று தங்கும். இரண்டு மேனிபோல்டு இருந்தால் ஒன்றின் பின் ஒன்றாகப் போடாமல் இணையாகப் பிரியுங்கள், ஹோஸ் நீளமும் சமமாக இருக்கட்டும். உள்விட்டம் 19 மி.மீ.க்குக் குறைய வேண்டாம்.

ரேடியேட்டரும் பழையது போதாது. குறைந்தது கால் பங்கு கூடுதல் திறன், ஷ்ரவுடோடு (காற்றை ரேடியேட்டர் வழியாக இழுக்க ஃபேனைச் சுற்றி இருக்கும் உறை) கூடிய ஃபேன் தேவை.

5. முதல் ஓட்டம்

50:50 கூலன்ட் ஊற்றி, மேனிபோல்டின் மிக உயரமான இடத்தில் காற்றை வெளியேற்றுங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பாருங்கள், பிளக் துளையில் திரவம் வரக் கூடாது. பிறகு ஸ்டார்ட் செய்து, இரு மேனிபோல்டின் வெளி ஹோஸையும் தெர்மாமீட்டரால் பாருங்கள். இரண்டுக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒன்றில் ஓட்டம் குறைவு, அல்லது காற்று சிக்கியிருக்கிறது. சூடான பிறகும் சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வந்தால் உடனே நிறுத்துங்கள், கூலன்ட் புகை வழிக்குள் கசிகிறது. முதலில் ஃபிளாஞ்ச் கேஸ்கெட்டைப் பாருங்கள்.