சிறகு முளைத்தவருக்கு அகழி எதற்கு: ஆட்டத்தில் இனங்களைச் சமன் செய்வது

கற்பனை உலக ரோல்பிளேயிங் ஆட்டத்துக்கு (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு) மனிதர், குள்ளர், சிறகர் போன்ற இனங்களைச் சொந்தமாக உருவாக்குபவர்கள் முதலில் கூட்டல் கணக்கில் இறங்கிவிடுகிறார்கள். இந்த இனத்துக்கு வலிமையில் இரண்டு, அந்த இனத்துக்குச் சுறுசுறுப்பில் இரண்டு, சரியாகிவிட்டது என்று தாளை மடித்து வைக்கிறார்கள். இருபது முகப் பகடையில் ஒரு புள்ளி கூடினால் வெற்றி வாய்ப்பு 5 சதவீதம் கூடும், அவ்வளவுதான். அதனால் ஆட்டம் கெட்டு நான் பார்த்ததில்லை. ஒரு தடையை எளிதாக்குவதோடு நிற்காமல், தடையையே இல்லாமல் செய்துவிடும் திறன்தான் ஆட்டத்தைக் கெடுக்கும்.

காட்பாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நான் நடத்தும் ஆட்டத்தில் வேலூர்க் கோட்டையை மாதிரியாக வைத்து ஒரு கோட்டை உண்டு. கருங்கல் மதில், சுற்றிலும் அகழி, அகழியில் முதலைகள் (எங்கள் ஊரில் அப்படித்தான் கதை சொல்வார்கள்), உள்ளே போக ஒரே வாசல். விடிவதற்குள் ஒரு கைதியை மீட்க வேண்டும். மனிதப் பாத்திரம் காவலாளியிடம் பேச்சுக் கொடுக்கும். குள்ளர் மதிலில் இளகிய கல்லைத் தேடுவார். இங்கே தடையின்றிப் பறக்கும் சிறகர் ஒருவரை விட்டால் என்ன நடக்கும்? மேலே பறந்து போய்க் கயிற்றைக் கீழே விடுவார். ஒரு மாலை முழுவதற்கும் போட்டு வைத்த முடிச்சு ஒரே வாக்கியத்தில் அவிழ்ந்துவிடும். மற்ற மூவருக்கும் கயிறு ஏறுவதுதான் வேலை.

அதற்காகச் சிறகரைத் தடை செய்யாதீர்கள். என் தங்கை மகன் சிறகராக ஆடுவதற்காகவே வருகிறான். பாத்திரம் அனுபவத்தால் ஒவ்வொரு நிலையாக உயரும்; அதில் தொடக்க நிலைகளில் உயரத்திலிருந்து தாழ்வுக்கு மிதந்து இறங்க மட்டும் விடுங்கள். ஒவ்வொரு முறையின் முடிவிலும் கால் தரையில் பட வேண்டும். ஆளைச் சுமக்கக் கூடாது. ஐந்தாம் நிலையில் முழுப் பறத்தலைக் கொடுத்துவிடலாம். இவ்வகை ஆட்டங்களில் புகழ்பெற்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் மந்திரவாதிக்குப் பறக்கும் மந்திரம் கைக்கு வருவதும் ஐந்தாம் நிலையில்தான். அதற்குள் மதிலை மட்டும் நம்பாத கதைகளுக்கு நீங்களும் வந்திருப்பீர்கள்.

அடுத்து, கதை நடக்கும் நிலத்தைப் பாருங்கள். நீருக்குள் மூச்சு விடும் நீரர் இனம் அகழி ஓரத்தில் ராஜா. அதே இனத்தைப் பாலாற்றில் கொண்டுவந்து விடுங்கள். ஆண்டில் பெரும்பகுதி மணல்தான். நர்ஸாக வேலை பார்க்கும் என் தோழி நீரராக ஆடுகிறார். ஆற்று மணலுக்கு அடியில் எங்கே ஊற்று இருக்கிறது என்று கால் பாதத்தால் உணரும் திறனையும் அந்த இனத்துக்குச் சேர்த்தேன். வறண்ட ஆற்றைக் கடந்த வணிகக் கூட்டம் தாகத்தில் தவித்தபோது அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நாலு அடி நடந்து, "இங்கே தோண்டுங்கள்" என்றார். வலிமையில் எத்தனை புள்ளி கூட்டிக் கொடுத்திருந்தாலும் அந்த இடம் அவருக்குக் கிடைத்திருக்காது.

இருட்டில் பார்க்கும் திறனை ஒரே ஓர் இனத்துக்கு மட்டும் வையுங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 விதிப்புத்தகத்தின் ஒன்பது இனங்களில் ஆறுக்கு அது உண்டு. அதனால் தீப்பந்தம் என்ற பொருளுக்கே மதிப்பில்லை. இருட்டுக்கு அஞ்சுவது மனிதர் போன்ற சிலர் மட்டும்தான்.

பலத்துக்கு விலையாகக் குறைகளை வைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: ஆட்டக்காரர் ஒதுங்கிப் போக முடிகிற குறை, விலையே ஆகாது. வலிமையைக் கூட்டிப் பேச்சுத் திறனைக் குறைத்தால் அவர் பேச மாட்டார். பக்கத்தில் இருப்பவர் பேசிவிடுவார். விலையைப் பின்னால் தள்ளிப் போடுவதும் உதவாது. அதே ஆட்டத்தின் 1981 விதிகளில் எல்ஃப் (கூர்க்காது கொண்ட கற்பனை இனம்) பத்தாம் நிலையிலும் குள்ளர் பன்னிரண்டாம் நிலையிலும் நின்றுவிட வேண்டும். மனிதருக்கு அந்த வரம்பு இல்லை. ஐந்தாம் நிலையிலேயே கதை முடிந்துவிட்டால் எல்ஃப் எதையும் இழப்பதில்லை.

எந்த இனத்துக்கும் பிறப்பிலேயே அறிவைக் குறைக்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பிறப்பை வைத்து மனிதரை அளக்கும் கொடுமையைப் பார்த்து வளர்ந்த ஊரில், அதையே விளையாட்டு விதியாக எழுதி மேசையில் வைக்க எனக்கு மனம் வராது. ஜவ்வாது மலைக்காரர்களைப் பார்த்து "முரட்டு மலையினம்" படைப்பதும் அதே தவறுதான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2024 விதிகளில் திறன் புள்ளிகளை இனத்திலிருந்து எடுத்து, பாத்திரம் முன்பு வாழ்ந்த வாழ்க்கையோடு சேர்த்துவிட்டார்கள். ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிட்டவருக்கு உடல் உறுதி, ஆரணியில் பட்டு நெய்தவருக்குக் கைநயம் என்று வைத்துப் பாருங்கள். பாத்திரத்துக்கு உடனே உயிர் வரும்.

பிறகு சோதனை. அடுத்த கதையில் வரும் தடைகளை ஒரு தாளில் எழுதி, எதிரே இனங்களை எழுதுங்கள். தடையை எளிதாக்கும் இனத்துக்கு ஒரு புள்ளி, அழித்துவிடும் இனத்துக்கு ஒரு வட்டம். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு வட்டம் இருக்கட்டும்; இப்படிப் பங்கிட்டுவிட்டால் தடையை அழிக்கும் திறனும் ஆட்டத்தைக் கெடுக்காது. ஒரே இனத்துக்கு இரண்டு வட்டம் விழுந்தால் ஒன்றைப் புள்ளியாக மாற்றுங்கள். வட்டமே இல்லாத இனத்துக்காகக் கதையில் ஒரு தடையைச் சேருங்கள். ஆடி முடித்ததும் எந்தத் தடையை யார் தீர்த்தார் என்று அதே தாளில் குறித்து வையுங்கள். பின்தங்கிய இனத்துக்குத் திறன் கூட்டுவதைக் கதையின் நடுவிலும் செய்யலாம். குறைப்பதாக இருந்தால், அந்த ஆட்டக்காரரிடம் தனியாகப் பேசிவிட்டு, புதுக் கதை தொடங்கும்போது செய்யுங்கள்.