தொட்டியில் நீர்முள்ளி பிழைத்த விதம்

நீர்முள்ளியைக் களை என்று வாய்க்காலோரம் வெட்டிப் போடுவார்கள். கணுவுக்கு 6 முள் சுற்றிநிற்க, நடுவே ஊதாநீலப் பூக்கள். எனக்கு இதைவிட அழகான காட்டுப்பூ இல்லை.

மாடியில் வளர்க்கும்போது முதலில் விதையிலேயே சிக்கல் வந்தது. ஈரம் பட்டதும் விதைகளைச் சுற்றிக் கொழகொழவென்று பசை ஊறி, எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டன. காய்ந்த மணலோடு கலந்து தூவி, அதன்பின் பூவாளியால் தெளித்தேன். நாற்றுகள் விலகி விலகி முளைத்தன.

அடுத்தது வாட்டம். இது வயல்வரப்பிலும் குளக்கரையிலும் சேற்றில் நிற்கும் செடி. தேங்காய்நார்த்தூள் கலவையில் காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் வடிந்து, இலை தொங்கிவிடும். கலவையை எடுத்துவிட்டு வண்டல்மண்ணும் மட்கிய சாணமும் நிரப்பினேன். தொட்டியை அகலமான பிளாஸ்டிக் பேசினுக்குள் வைத்து, அடியில் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினேன். மறுவாரமே தண்டு நிமிர்ந்தது! கொசு வராமலிருக்க பேசினில் கப்பி மீன்கள் விட்டிருக்கிறேன். நாள் முழுக்க வெயில் விழும் இடம்தான் இதற்குச் சரி, நிழலில் பூ குறையும்.

இலையைப் புழு கடித்தால் மருந்து அடிக்காதீர்கள், தயவுசெய்து. வசீகரன் (pansy) இன வண்ணத்துப்பூச்சிகள் சில இதிலும் முட்டையிடும். கடித்த இலை மறுபடி துளிர்த்துவிடும்.

குழந்தைகள் நடமாடும் பக்கம் வைக்க வேண்டாம். விதை சேகரிக்கத் தடித்த கையுறை கட்டாயம் வேண்டும்.